நண்பனோடு உண்ட ஒருவேளை உணவு



காவற்கோபுரம் என்னும் சஞ்சிகையைக் கையிலேந்தி வீடு வீடாக வரும் யெகோவாவின் சாட்சிகளை நீங்கள் அறிவீர்கள். அவ்வியக்கத்தின் போதனையையும் ஒழுங்கையும் தீர்மானிப்பது அமெரிக்காவிலுள்ள ஆளும் குழு என்னும் சிறிய குழுவே. 1971 முதல் அதில் அங்கம் வகித்தவர் றேமன்ட் பிரான்ட்ஸ். இளமை தொட்டு ஏறக்குறைய 40 ஆண்டுகள் இயக்கத்துக்காக உழைத்தவர். கரிபியன் தீவுகளில் மிசனரியாகப் பணியாற்றியவர். அவருடைய நெருங்கிய உறவினரான பிரெட்றிக் பிரான்ட்ஸ் 1977இல் இயக்கத்தின் தலைவரானார். இத்தகைய ஒருவர் 1980 மே மாதத்தில் தமது பதவியைத் துறந்தார்.

ஏன் துறந்தார்? மனித வரலாற்றின் 6,000 ஆண்டுகள் 1975இல் நிறைவுறும் என இயக்கத்தின் வெளியீடுகள் எழுதி வந்தன. முடிவு நெருங்கிவிட்டதென நம்பி வீட்டை விற்றவர்களும் இருந்தார்கள். ஆண்டு கடந்தது, முடிவு வரவில்லை. இன்னொரு பாரமும் அவர் மனதை அழுத்தியது. படையிற் சேர மறுக்கும் இளைஞர், அதற்கு ஈடாக அரசு வழங்கும் பொதுப்பணியையும் ஏற்கலாகாது என்பது இயக்கத்தின் அன்றைய விதி. இதனால் பலர் சிறை சென்றனர். குழுவிற் பெரும்பான்மையோர் விதியை மாற்ற விரும்பியும், மூன்றில் இரண்டு பங்கு வாக்குக் கிடையாமையால் அது நிலைத்ததென அவர் பின்னர் எழுதினார். 1996இல்தான் அவ்விதி தளர்ந்தது. அறைக்குள்ளே கைகள் உயர்ந்து தாழ்ந்தன. விலையைச் செலுத்தியவர்களோ சிறையிலிருந்த பிள்ளைகள்.

1980இல் மாற்றுக் கருத்துக்களைப் பேசியதற்காகத் தலைமையகத்திற் சிலர் விசாரித்து நீக்கப்பட்டனர். பிரான்ட்சும் விசாரிக்கப்பட்டார், பதவி விலகினார். அப்போது அவருக்கு வயது 58. அலபாமா மாநிலத்தில் நண்பர் ஒருவர் வேலையும் தங்க இடமும் கொடுத்து ஆதரித்தார். 1981இல் அந்த நண்பர் தாமாகவே இயக்கத்தை விட்டு நீங்கினார். தாமாக விலகியவரையும் ஒதுக்கவேண்டும் என அதே ஆண்டு செப்டெம்பர்க் காவற்கோபுரம் அறிவுறுத்தியது. பிரான்ட்சோ அந்த நண்பருடன் உணவகம் ஒன்றில் அமர்ந்து உண்டார். அதுவே குற்றமாயிற்று. ஆண்டு முடிவில் அவர் சபை நீக்கம் செய்யப்பட்டார். 2010இல் காலமானார்.

அவர் நமது திருச்சபைக்கு வந்தவரல்லர். எனவே நாம் மார்தட்டிக்கொள்ள இங்கு ஒன்றுமில்லை; கற்றுக்கொள்ளத்தான் உண்டு.

தீயவனோடு உண்ணவும் வேண்டாம் எனப் புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதியதையே அவ்வியக்கத்தார் ஆதாரமாகக் காட்டினர். ஆனால் சின்னப்பர் கண்டித்தது பாவத்திற் பிடிவாதமாக வாழ்ந்தவர்களை. தன் மனச்சாட்சியின்படி விலகிப்போனவனுக்கு ஒருவேளை உணவையும் மறுக்க அது அனுமதியாகுமா? நம் ஆண்டவர் ஆயக்காரரோடு உண்டார். காட்டிக்கொடுப்பவன் எவனென்று அறிந்திருந்தும், அவனுக்கும் தம் பந்தியில் இடம் கொடுத்தார்.

சமயக் காரியத்தில் எவரையும் மனச்சாட்சிக்கு மாறாக நடக்க வற்புறுத்தலாகாது என இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் தெளிவாகப் போதித்தது. ஏட்டில் இதை ஏற்றுக்கொண்டோம். வீட்டில் ஏற்றுக்கொண்டோமா? வேறு சபைக்குப் போன தம்பியின் பெயரைக் கலியாண அழைப்புப் பட்டியலிலிருந்து வெட்டிவிடுகிறோம். கன்னியர் மடத்தை விட்டு வந்த மகளை உறவினர் கண்ணிற் படாமல் மறைக்கிறோம். குருத்துவப் பணியைத் துறந்தவர் எதிரே வந்தால் வீதியின் மறுபக்கம் போய்விடுகிறோம். நம்மிடம் எழுதிய விதி எதுவும் இல்லை. ஆனால் ஒதுக்கப்படுபவரின் நெஞ்சுக்கு எழுதிய விதியும் எழுதாத விதியும் ஒன்றே.

அவர் எடுத்த முடிவு சரியென்று நாம் சொல்லவேண்டியதில்லை. நம் விசுவாசத்தை மறைக்கவும் வேண்டியதில்லை. வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் அவரை வீட்டுக்கு அழையுங்கள். விவாதம் வேண்டாம். அவருக்கும் ஒரு கோப்பையில் சோறு போட்டு, அருகிலிருந்து உண்ணுங்கள்.