ஊர்ப் பிள்ளைகளுக்கான பிரார்த்தனை

பொதுத் தேர்வுக்கு முந்திய வாரங்களில், பூந்தோட்டத்தை அடுத்த கூத்தனூர்ச் சரஸ்வதி சந்நிதியில், பேனாவையும் ஹால் டிக்கெட்டையும் அர்ச்சனைத் தட்டில் வைத்து, பிள்ளையின் பெயரும் நட்சத்திரமும் சொல்லிக் கண்மூடி நிற்கும் பெற்றோரைக் காணுந்தோறும், அந்த வாஞ்சையின் முன் சிரம் தாழ்த்துகிற என் மனம், பெயர் சொல்ல ஆளில்லாத அடுத்த தெருக் குழந்தைக்காக யார் அர்ச்சனை செய்வார் என்றும் ஏங்குகிறது. தன் பிள்ளை முதலிடம் பெறவேண்டும் என்னும் வேண்டுதலில் பிறர் பிள்ளை பின்தங்கவேண்டும் என்னும் ஆசையும் கலந்திருக்குமாயின், சகல ஜீவன்களுக்கும் தாயாகிய தெய்வம் அதை எவ்வாறு ஏற்கும்?

ஊர்ப் பிள்ளைகள் அனைவருக்குமாகச் செய்யும் பிரார்த்தனையில் அந்தச் சங்கடம் இல்லை. ஆனால் அது பிரார்த்திப்பவனைச் சும்மா விடுவதுமில்லை. பசியோடு வகுப்பில் அமர்ந்திருக்கும் சிறுவனுக்காக மனமுருகி வேண்டிக்கொண்டவன், வீடு திரும்பியபின் தன் பத்தாயத்தைத் திறக்காமல் இருப்பது எங்ஙனம்? 1956-இல், காமராஜர் ஆட்சியில், சென்னை ராஜ்யத்தில் பள்ளி மதிய உணவுத் திட்டம் பரவத் தொடங்கியபோது, சர்க்கார் பணத்தோடு ஊரார் மனமுவந்து அளித்த தானியமும் நன்கொடையும் சேர்ந்தே அந்தப் பந்திகளை நடத்தின. அதை நான் பிரார்த்தனையின் பூர்த்தியென்றே கருதுகிறேன்.

ஆகவே, அன்பர்களே, அடுத்த முறை சந்நிதியில் நிற்கையில், உங்கள் பிள்ளையின் பெயரோடு ஊர்ப் பள்ளியின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.