அகழியைத் தாண்டாதே!



நாமக்கல்லிலிருந்து கன்வென்ஷனுக்காகச் சென்னை போனபோது, குடும்பமாய் வண்டலூர் அண்ணா உயிரியல் பூங்காவைப் பார்த்தோம். 1855-ல் பட்டணத்துக்குள் ஆரம்பித்து, 1985-ல் வண்டலூரில் திறக்கப்பட்ட பூங்கா அது. சிங்கத்துக்கு முன்னால் கம்பிக் கூண்டு இல்லை. சின்னவன் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, "அப்பா, தாண்டி வந்திடாதா?" என்றான். "நடுவுல ஆழமா அகழி வெட்டியிருக்காங்க கண்ணு, வராது" என்றேன்.

பிரியமானவர்களே, பேதுரு அப்போஸ்தலன் பிசாசைச் சிங்கத்துக்கு ஒப்பிடுகிறார் (1 பேதுரு 5:8). யோபுவின் வீட்டைச் சுற்றிலும் தேவனுடைய வேலி இருந்தது (யோபு 1:10). உன்னைச் சுற்றிலும் ஒரு காவல் உண்டு. சிங்கம் அகழியைத் தாண்டி வருவதில்லை. மனுஷன்தான் சுவரேறிக் குதிக்கிறான்!

லாரி ஓட்டுகிற சகோதரனே, வாரக்கணக்கில் வீட்டை விட்டு ஓடுகிறாய். ராத்திரி தாபாவிலே, "ஒரு கிளாஸ்தானே, யாரு பார்க்கப்போறா?" என்று ஒரு சத்தம் கேட்கும். அதுதான் சுவர்மேல் வைக்கிற முதல் கால். அதே ராத்திரியில் உன் மனைவி பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு, உனக்காக முழங்காலில் நிற்கிறாள். அந்தக் கண்ணீர் ஜெபத்தை மிதித்துத் தாண்டாதே! வண்டியை ஓரங்கட்டி, அங்கேயே ஜெபம்பண்ணு. தானியேலைக் கெபியில் காத்தவர் உன்னை ரோட்டிலும் காப்பார். ஆமென், அல்லேலூயா!