அகக் காவலும் புறக் காவலும்

ஆன்ம சாதகனுக்குரிய ஆறு செல்வங்களைக் கூறும் வேதாந்தம், மன அடக்கமாகிய சமத்தையும் பொறியடக்கமாகிய தமத்தையும் அருகருகே வைத்தது. மனத்தைக் காத்தால் கையைக் காக்க வேண்டாம் என்று அது கூறவில்லை.

அமெரிக்காவில் பலர் ஒருங்கே சுட்டுக் கொல்லப்படும் போதெல்லாம், ‘குற்றம் மனநோயினுடையது’ என்பர் ஒரு சாரார். ‘துப்பாக்கியினுடையது’ என்பர் மறுசாரார். 2007 ஏப்ரல் 16 அன்று வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்ததைச் சற்றே சிந்திப்போம். மாணவர் ஒருவர் 32 பேரைச் சுட்டுக் கொன்று, தம் உயிரையும் மாய்த்துக்கொண்டார். அவரால் அவருக்கே ஆபத்து உண்டு என்று 2005-லேயே நீதிபதி ஒருவர் முடிவு செய்து, வெளிநோயாளியாகச் சிகிச்சை பெற ஆணையிட்டிருந்தார். சிகிச்சையோ நடைபெறவில்லை. அத்தகையவர் துப்பாக்கி வாங்க நாட்டின் சட்டம் தடை விதித்திருந்தும், அந்த ஆணை வாங்குவோரைச் சரிபார்க்கும் பதிவேட்டை எட்டவில்லை. இரண்டு கைத்துப்பாக்கிகளை அவர் தடையின்றி வாங்கினார். அகக் காவல், புறக் காவல் இரண்டுமே தவறின.

அன்று, யூத இன அழிப்பிலிருந்து உயிர் தப்பியவரான 76 வயதுப் பேராசிரியர் லிவியு லிப்ரெஸ்கு, வகுப்பறைக் கதவைத் தம் உடலால் அடைத்து நின்றார். மாணவர்கள் சன்னல் வழியே தப்பினர். அவர் உயிர் துறந்தார். அவர் ஈட்டித் தந்தது சில கணங்களே. அவையே பல உயிர்களைக் காத்தன. நல்ல சட்டமும் அத்தகைய கதவே. கொதிக்கும் மனம் ஆறும் வரை, ஆயுதத்தை அது எட்டத்தில் நிறுத்துகிறது. ஆபத்தானவரிடமிருந்து துப்பாக்கியை நீதிமன்ற ஆணையால் அகற்றும் முறையைக் கனெக்டிகட் மாநிலம் 1999-இல் ஏற்படுத்தியது. 2022-இல் இயற்றப்பட்ட சட்டமோ, இத்தகைய முறைகளுக்கும் மனநலப் பணிகளுக்கும் ஒருசேர நிதி வழங்கியது.

ஆயினும், மனநோயுற்றோரை எல்லாம் கொலைஞராக ஐயுறுவது பெரும் பாவம். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் எவருக்கும் தீங்கு இழைப்பதில்லை. ஊரார் பழிக்கு அஞ்சியே பலர் மருத்துவரை நாடாது மறைகின்றனர். அந்நாட்டில் துப்பாக்கியால் மாள்வோரில் பாதிக்கும் மேற்பட்டோர் தற்கொலை செய்துகொள்வோரே. ஆகவே, ஆயுதத்தை எட்டத்தில் வைப்பது அவர்களுக்கும் செய்யும் கருணையாகும்.

அன்பர்களே, இத்தகைய கொடுமை இழைத்தோர் பலர் தம் எண்ணத்தை முன்னரே எவரிடமேனும் வெளியிட்டிருந்தனர். கேட்டவர் அதைப் பொருட்படுத்தியிருந்தால் எத்தனை உயிர்கள் பிழைத்திருக்கும்! சட்டம் இயற்றுவது அரசின் கடமை. துயருற்றவன் சொல்லைச் செவிமடுப்பதும், அவனை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும் நம் ஒவ்வொருவரின் கடமை. அதுவும் இறைவழிபாடே.