கட்டத்துள் காணும் முகம்

பிறரை எடைபோடுவது மனிதனுக்கு எளிது. தன்னை எடைபோட முற்படும்போதோ தராசின் முள் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது. தன்னை உள்ளவாறு காண ஒருவனால் இயலுமா? இவ்வினாவிற்கு ஓவியக்கலை ஒரு வழி காட்டுகிறது.

தம் உருவத்தைத் தாமே வரைவோர் கையாளும் முறைகளுள் ஒன்று, கட்டமிட்டு வரைதல். 8 அங்குல அகலமும் 10 அங்குல உயரமும் உள்ள புகைப்படத்தின்மீது ஓரங்குல இடைவெளியில் நெடுக்கும் குறுக்குமாகக் கோடிட்டால் 80 கட்டங்கள் அமையும். 16 அங்குல அகலமும் 20 அங்குல உயரமும் உள்ள தாளில், இரண்டங்குலக் கட்டங்களாக அதே 80 கட்டங்களை மெல்லிய பென்சில் கோடுகளால் அமைத்து, ஒவ்வொன்றிலும் உள்ளதை அதற்குரிய கட்டத்தில் வரைதல் வேண்டும். கோடு எவ்விடத்தில் நுழைகிறது, எவ்விடத்தில் வெளியேறுகிறது என்பதே அப்போதுள்ள ஒரே கேள்வி.

கட்டமின்றி வரையும் புதியவர் கண்களைத் தலையின் மேற்பகுதியில் அமைத்துவிடுவது வழக்கம். உண்மையில் அவை உச்சிக்கும் முகவாய்க்கும் ஏறத்தாழ நடுவில் உள்ளன. நெற்றியையும் உச்சியையும் மனம் பொருட்படுத்துவதில்லை. ஆகவே கை அவற்றைக் குறுக்கிவிடுகிறது. பிழை கையினுடையதன்று, எது முக்கியம் என்று முன்னரே தீர்மானித்துவிட்ட மனத்தினுடையது. தன் மூக்கு பெரிதென நாணுபவர் அதைச் சிறிதாக்கவும் கூடும். கட்டத்தினுள்ளோ மூக்கு என்பது இல்லை. ஒரு வளைவும் சிறிது நிழலுமே உண்டு. வளைவைக் கண்டு நாணுவார் யார்? நிழலைக் கண்டு செருக்குறுவார் யார்?

அமெரிக்க ஓவியர் சக் குளோஸ் (1940–2021) முகங்களை நினைவில் இருத்த இயலாத குறைபாடு உடையவர். 1967–68இல் அவர் தம் முகத்தையே ஏறத்தாழ 9 அடி உயரத்தில் கட்டமிட்டு வரைந்தார். கலைந்த தலைமுடியையும் வாயிலிருந்த சிகரெட்டையும் அவர் விலக்கவில்லை. 1988இல் முதுகுத்தண்டின் இரத்தக்குழாய் பாதிக்கப்பட்டு உடல் செயலிழந்த பின்னரும், தூரிகையைக் கையோடு பிணைத்துக்கொண்டு கட்டம் கட்டமாக வரைந்தார். முழு முகம் எட்டாதவர்க்கும் ஒரு கட்டம் எட்டும் என்பதற்கு அவர் சான்று.

தன்னாய்வும் இத்தகையதே. “நான் நல்லவனா, தீயவனா?” என்ற பெருங்கேள்விக்கு மனம் தனக்கு இனிய விடையையே தரும், சோர்வுற்ற நாளிலோ மிகக் கொடிய விடையைத் தரும். “இன்று காலை வேலையாளிடம் நான் பேசிய சொல் எத்தகையது? சொன்ன தவணையில் கடனைத் திருப்பித் தந்தேனா?” என்ற சிறு கேள்விகளில் மழுப்புதற்கு இடம் குறைவு.

எனினும் ஒரு கட்டமே முகமாகிவிடாது. கரிய நிழல் நிறைந்த ஒன்றை மட்டும் கண்டு ‘இதுவே நான்’ என வருந்துவதும், ஒளி மிகுந்த ஒன்றைக் காட்டிப் பெருமை கொள்வதும் ஒன்றுபோலவே பொய்யாகும். பிறர் செய்த ஒரு தவற்றைக் கொண்டு அவரை முழுதும் அளப்பதும் அப்படியே. எல்லாக் கட்டங்களும் நிரம்பிய பின்னர், கோடுகளை அழித்துச் சற்றே விலகி நின்று நோக்கும்போதுதான் முகம் தோன்றும்.

ஆகவே நாள்தோறும் ஒரு கட்டத்தையேனும் உள்ளவாறு வரைவோமாக. கரியதை வெளுக்காமலும், வெளியதைக் கரியதாக்காமலும்.