பலன் உறுதியில்லாத நோன்பு

கேரளத்தின் நெய்யாற்றின்கரை தாலுகாவில் பத்தாண்டுகளுக்கு முன் ஓர் ஆய்வு நடந்தது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம், ஆஸ்திரேலிய ஆய்வாளர்களோடு சேர்ந்து அதை நடத்தியது. வாக்குச்சாவடி எல்லைகளை வைத்து அறுபது பகுதிகளைப் பிரித்தார்கள். இன்னும் நீரிழிவு வராத, ஆனால் வரும் வாய்ப்பு அதிகமுள்ள 30 முதல் 60 வயது வரையிலான 1,007 பேரைச் சேர்த்தார்கள். ஒரு பாதிப் பகுதிகளில் ஊர்க்காரர்களே சிறு குழுவாகக் கூடினார்கள். குழுவை நடத்தியவரும் அதே ஊர்க்காரர்தான். என்ன தின்கிறோம், எவ்வளவு நடக்கிறோம், புகையையும் குடியையும் எப்படி விடுவது என்று ஓராண்டு பேசிப் பேசிப் பழகினார்கள். மறு பாதிக்கு அறிவுரைப் புத்தகம் மட்டும் கிடைத்தது. இரண்டாண்டு கழித்துப் பார்த்தபோது, புத்தகம் மட்டும் பெற்றவர்களில் 17.1 சதவீதம் பேருக்கும், குழுவில் இருந்தவர்களில் 14.9 சதவீதம் பேருக்கும் நீரிழிவு வந்திருந்தது. இந்தச் சிறு வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம், இதை வெற்றி என்று சொல்லப் புள்ளியியல் இடம் தரவில்லை என்று 2018இல் வெளியான கட்டுரையில் ஆய்வாளர்கள் மறைக்காமல் எழுதினார்கள். அதே சமயம் குழுவில் இருந்தவர்கள் காய்கறியும் பழமும் கூடுதலாகச் சாப்பிட்டார்கள், மதுவைக் குறைத்தார்கள், அவர்களுடைய நோய் அபாயக் கணக்கும் சற்று இறங்கியது என்பதையும் பதிவு செய்தார்கள்.

இந்த முடிவைக் கையில் வைத்துக்கொண்டு அதே தாலுகாவின் பாறசாலையில் ஒருவரிடம் தினமும் அரை மணி நேரம் நடங்கள், சோற்றையும் மரச்சீனியையும் குறையுங்கள் என்று சொன்னால், அவர் திருப்பிக் கேட்கக்கூடியது ஒன்றுதான். செய்தால் எனக்குச் சர்க்கரை வராதா? வாய்ப்பு குறையும், வராது என்று சொல்ல முடியாது என்பதுதான் நேர்மையான பதில். அப்படியானால் எதற்காக நான் செய்ய வேண்டும் என்று அவர் கேட்டால், அதற்கு மருத்துவத்திடம் முழுப் பதில் இல்லை. எனக்கு இது சமயக் கேள்வியாகவே படுகிறது. பலன் நிச்சயமில்லை என்று தெரிந்தும் ஒரு நோன்பை மனிதர் எதை நம்பிக் கடைப்பிடிப்பது?

வியாபாரத்துக்கு இந்தக் கேள்வி ஒரு தொந்தரவே இல்லை. இத்தனை நாள் குடியுங்கள், சர்க்கரை போய்விடும். இந்தப் பொடியைச் சாப்பிடுங்கள், நூறு வயது என்று அது உறுதி கொடுத்துவிடுகிறது. எல்லை ஊரான களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் மலையாளத்திலும் அந்தப் பக்கம் தமிழிலும் அதே வாக்குறுதிதான். இதன் அடியில் இருப்பது நேர்ச்சையின் வடிவம்: நான் இதைச் செய்கிறேன், நீ அதைக் கொடு. ஆனால் கோயிலிலோ தேவாலயத்திலோ நேர்ச்சை வைப்பவருக்குக்கூட, கொடுப்பதும் கொடுக்காததும் தெய்வத்தின் விருப்பம் என்ற நினைப்பு உள்ளுக்குள் இருக்கும். புட்டியில் அடைத்து வரும் வாக்குறுதிக்கு அந்த அடக்கம்கூடக் கிடையாது. ஆகவே மருந்து மூலிகையா மாத்திரையா என்பது எனக்கு இரண்டாம் கேள்விதான். பொய் முதலில் நுழையும் இடம் அந்த உறுதி.

ஜெஃப்ரி ரோஸ் என்ற பிரிட்டிஷ் நோய்ப்பரவல் அறிஞர் 1981இல் ஒரு முரணை எடுத்துக் காட்டினார். ஒரு சமூகத்துக்குப் பெரிய நன்மை தரும் தடுப்பு முறை, அதில் சேர்ந்த தனி ஒருவருக்கு மிகச் சிறிதளவே தருகிறது. ஊரே உப்பைக் குறைத்தால் பக்கவாதம் வருவோர் எண்ணிக்கை இறங்கும். ஆனால் தப்பித்தவர் யார் என்று எவராலும் விரல் நீட்டிச் சொல்ல முடியாது. நடக்காத ஒன்றுக்கு யாரும் நன்றி சொல்வதில்லை. தொண்ணூறு வயது வரை வெற்றிலை போட்ட தாத்தாவோ எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறார். நாற்பத்தைந்தில் வாய்ப்புண் முற்றிப் போய்ச் சேர்ந்தவரைப் பற்றி உறவினர் பேசுவதில்லை.

வெற்றிலையைப் பற்றிச் சற்று விரிவாகவே பேசலாம். சான்று என்பது எவ்வளவு மெதுவாகவும் எவ்வளவு உறுதியாகவும் சேரக்கூடும் என்பதற்கு இந்தப் பகுதியே சாட்சி. எல்லைக்கு அப்பால் நெய்யூரில் லண்டன் மிஷன் 1838இல் மருத்துவப் பணியைத் தொடங்கியது. எவரெஸ்ட் ஏறப் போன சாமர்வெல் பிற்காலத்தில் கத்தி பிடித்த மருத்துவமனை அது. திருவிதாங்கூரில் வெற்றிலை போடுவோருக்கு வரும் வாய்ப்புற்றைப் பற்றி அங்கு பணியாற்றிய மருத்துவர் ஒருவர் 1933இலேயே லான்செட் இதழில் எழுதினார். புகையிலை சேர்ந்த தாம்பூலம் அப்போதே குற்றவாளிக் கூண்டில் ஏறிவிட்டது. புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை தீர்ப்புச் சொல்ல 2004 ஆகிவிட்டது. இடையில் 1996இல் திருவனந்தபுரம் மாவட்டத்தின் 13 பஞ்சாயத்துகளில் ஏறக்குறைய 1,92,000 பேரை வைத்து வட்டாரப் புற்றுநோய் மையம் ஒரு சோதனையைத் தொடங்கியது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள், செய்தது அவ்வளவுதான். 2005இல் வந்த முடிவு இது: எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் சாவு குறைந்தது என்று உறுதிபடச் சொல்ல முடியவில்லை, புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களை மட்டும் எடுத்தால் வாய்ப்புற்றுச் சாவு 34 சதவீதம் குறைந்திருந்தது. யாருக்குப் பயன், யாருக்கு நிச்சயமில்லை, எவ்வளவு என்று அளந்து சொல்கிற இந்தப் பேச்சுமுறையை நான் ஓர் ஒழுக்கமாகவே மதிக்கிறேன். தெரிந்ததைத் தெரிந்த அளவுக்கு மட்டும் சொல்வதும் வாய்மையில் அடங்கும். அந்த அளவுகோலில் புகையிலையை விடுவது உச்சியில் நிற்கிறது. ரத்த அழுத்தத்தைப் பார்த்துக் கட்டுக்குள் வைப்பது, நடப்பது, உப்பையும் மதுவையும் எடையையும் குறைப்பது அதன் அருகில் வரும். தனியொரு காயோ விதையோ ஆயுளைக் கூட்டும் என்ற பேச்சு அடிமட்டத்தில் கிடக்கிறது.

பலன் நிச்சயமில்லாமல் எதற்குச் செய்வது என்று எண்களில் இருந்து எழுந்த கேள்விக்கு இந்த மண்ணின் சமய வரலாற்றில் ஒரு பதில் இருக்கிறது. அனுமன் தூக்கிப் போன சஞ்சீவி மலையின் துண்டு என்று சொல்லப்படும் மருத்துவாழ்மலை கன்னியாகுமரிப் பக்கம் நிற்கிறது. சாவை வெல்லும் மூலிகையின் கதை சூழ்ந்த அந்த மலையில் சீர்திருத்தத் துறவியான ஸ்ரீநாராயண குரு தவமிருந்தார். பிறகு 1888இல் நெய்யாற்றின் கரையில் அருவிப்புறத்தில் சிவனைப் பிரதிஷ்டை செய்தார். அந்த மலையில் இருந்துவிட்டு வந்தவர் சனங்களிடம் சஞ்சீவியைப் பற்றிப் பேசவில்லை. பள்ளிக்கூடம் கட்டுங்கள், சுத்தமாக இருங்கள், கள்ளைச் செய்யாதீர்கள், குடிக்காதீர்கள் என்றார். சிவகிரி யாத்திரைக்கு 1928இல் அவர் வகுத்த எட்டு நோக்கங்களில் கல்விக்கும் தொழிலுக்கும் பக்கத்தில் சுத்தமும் இருக்கிறது. அதே ஆண்டில் நோயுற்று, மருத்துவர்களின் சிகிச்சையை ஏற்று, எழுபதைக் கடந்த வயதில் மறைந்தார். அவருக்கு முன்பே சுவாமித்தோப்பு அய்யா வைகுண்டர் குடும்பம் குடும்பமாகச் சனங்களைக் கடலோரத்தில் கூட்டித் துவையல் தவசு இருக்க வைத்தார். துணி துவைத்து, குளித்து, அளவாக உண்டு, ஒன்றாக வாழ்வதே அங்கு தவம். இந்த ஒழுக்கங்கள் எதிலும் நீ சாகமாட்டாய் என்ற பேரம் இல்லை. ஒடுக்கப்பட்டு நின்ற மனிதர் தம் உடலைத் தாமே மதித்து நடத்துவது அப்போதே, செய்யும் அந்தக் கணத்திலேயே, ஒரு பலனாக இருந்தது. அதைக் கூடிச் செய்தார்கள். கீதை சொல்லும் பலன் கருதாத செயலைப் பெரிய தத்துவமாக எடுத்துப் பேசுகிறோம். துவைத்த வேட்டியும் கள் இல்லாத மாலைப்பொழுதும் அதன் நடைமுறை உருவம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இங்கே ஒருவர் மறுக்கலாம். உறுதி கொடுக்காவிட்டால் சனம் அசையாது. நல்லதுக்காகக் கொஞ்சம் மிகைப்படுத்தினால் என்ன? இது லேசான வாதம் இல்லை. நம்பிக்கை இல்லாமல் யாரும் விடியற்காலையில் எழுந்து நடக்கப் போவதில்லை. ஆனால் அசைப்பதற்கு வாக்குறுதி ஒன்றே வழி என்பதற்கு நெய்யாற்றின்கரை ஆய்வே எதிர்ச்சான்று. அங்கே யாரும் அற்புதத்தை விற்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடினார்கள், தட்டில் காய்கறி கூடியது, குடி குறைந்தது. மிகைக்கு ஒரு விலையும் உண்டு. பொடி குணமாக்கிவிடும் என்று நம்பியவர் முதலில் நிறுத்துவது மெட்ஃபார்மினை அல்லது இன்சுலினை. பொடி வேலை செய்யவில்லை என்று தெரிய வரும்போது கண்ணிலோ சிறுநீரகத்திலோ கேடு தொடங்கியிருக்கும். நெய்யாற்றின்கரை ஆய்வு தோற்றது என்றால் பழக்கங்களால் பயனே இல்லை என்றும் ஆகாது. சென்னையில் நடந்து 2006இல் வெளியான ஆய்வு, ரத்தச் சோதனையில் ஏற்கெனவே சர்க்கரைத் தடுமாற்றம் தெரிந்தவர்களை மட்டும் எடுத்தது. அங்கே வாழ்க்கைமுறை மாற்றம் நீரிழிவு அபாயத்தை 28.5 சதவீதம் குறைத்தது.

இன்னொரு மறுப்பு: அறிவியலே நேற்று ஒன்று, இன்று ஒன்று சொல்கிறது, அதைவிட மூதாதையர் சொன்னது மேல் அல்லவா? தேங்காய் எண்ணெய் விவகாரத்தில் இந்த எரிச்சல் நியாயமானதுதான். ஹார்வர்டோடு தொடர்புள்ள ஒரு பேராசிரியர் 2018இல் ஜெர்மனியில் பேசும்போது அதைச் சுத்த விஷம் என்றார். இந்திய அரசின் தோட்டக்கலை ஆணையர் எதிர்ப்புத் தெரிவித்துக் கடிதம் எழுதினார். அமுதம் என்று விற்பவரும் விஷம் என்று முழங்குபவரும் ஒரே தவறைச் செய்கிறார்கள். சான்று சொல்வது இவ்வளவுதான்: மற்ற பல தாவர எண்ணெய்களைவிட அது கெட்ட கொழுப்பைக் கூடுதலாக ஏற்றுகிறது, ஆகவே அளவோடு ஊற்றலாம். அவியலை யாரும் கைவிட வேண்டியதில்லை. நாளொன்றுக்குப் பத்தாயிரம் காலடி என்ற கணக்கும் 1960களில் ஜப்பானில் காலடி எண்ணும் ஒரு கருவியை விற்கப் பிறந்தது. வயதான பெண்களை வைத்து 2019இல் வெளியான அமெரிக்க ஆய்வில் பயன் 4,400 அடியிலேயே தெரியத் தொடங்கி, 7,500 அருகில் அதற்கு மேல் கூடாமல் நின்றது. தன் கணக்கைத் தானே திருத்திக்கொள்வதால் அறிவியல்மேல் எனக்கு மதிப்புக் கூடுகிறது. மூதாதையர் சொன்னதையும் இதே தராசில் வைக்கலாம். மிதமாக உண்பதும் உழைப்பதும் நன்றாகவே தேறும், புகையிலைத் தாம்பூலம் தேறாது.

ஆழமான மறுப்பு பக்தரிடமிருந்து வரும். நீண்ட ஆயுளை விரும்புவதே பற்றுதானே, உடல் என்றைக்கிருந்தாலும் விழப்போவதுதானே? நூறு வயதின்மேல் உள்ள மோகத்தைப் பற்றி என்றால் எனக்கு மறுப்பே இல்லை. நூற்றாண்டு கண்டவர்கள் நிறைந்த நாடு என்று புகழ் பெற்ற ஜப்பானில், பதிவேட்டில் நூறு தாண்டியிருந்த 2,30,000க்கும் மேற்பட்டோர் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை என 2010இல் வெளியே வந்தது. ஆனால் உடல் ஒருவருடைய தனிச்சொத்து மட்டும் இல்லை. பக்கவாதத்தில் விழுந்தவரைப் புரட்டிப் போட்டுத் துடைப்பது பெரும்பாலும் ஒரு மகளோ மருமகளோதான். ரப்பர் வெட்டப் போகிறவரின் காலில் ஆறாத புண் வந்தால் வீட்டில் அடுப்பு எரிவதே சிரமம். மரணத்தின் முன் பற்றில்லாமல் நிற்பவர்கூட அந்தக் காலைப் பேணத்தான் வேண்டும்.

உறுதியை மறுப்பதால் வரும் ஒரு விளைவை நாம் போதுமான அளவு கவனிப்பதில்லை. ஒழுங்காக இருந்தால் நோய் வராது என்பது உண்மையானால், நோய் வந்தவர் ஒழுங்காக இல்லை என்றாகிவிடும். பழைய கர்மவினைப் பேச்சை இன்று ஆரோக்கியப் பேச்சு அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறது; வாயைக் கட்டவில்லை, அனுபவிக்கிறார் என்கிறோம். 2023இல் வெளியான தேசிய ஆய்வின்படி கேரளத்தில் பெரியவர்களில் 25.5 சதவீதம் பேருக்கு நீரிழிவு. நாலில் ஒருவரைப் பாவி என்று சொல்லும் கோட்பாடு எனக்குத் தேவையில்லை. வாய்ப்பு என்ற கணக்கு வாக்குறுதியைப் பறிக்கும்போது பழியையும் சேர்த்தே பறித்துவிடுகிறது. நடந்தும் வந்தவர் உண்டு, நடக்காமலே தப்பியவரும் உண்டு. நோயின் ஒரு பங்கு பரம்பரையில் கிடக்கிறது, ஒரு பங்கு காய்கறி விலையில், ஒரு பங்கு லாரிகள் உரசிப் போகும் தேசிய நெடுஞ்சாலை ஓரத்தில் விடியலில் நடக்கத் தயங்கும் பெண்களின் பயத்தில். குட்காவைக் கேரளம் 2012இலும் தமிழ்நாடு 2013இலும் தடை செய்தன. தனி ஒருவரின் மனவுறுதியால் மட்டும் ஆகாத காரியம் என்று இரு அரசுகளும் ஒப்புக்கொண்டதாகவே அதை எடுத்துக்கொள்கிறேன். கோயில் கமிட்டிகளுக்கும் சபை மூப்பர்களுக்கும்கூட இதில் ஒரு வேலை இருக்கிறது. நீரிழிவைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மாயச் சிகிச்சைகள் சட்டப்படி குற்றம். திருவிழா நோட்டீசையும் ஜூபிலி மலரையும் அச்சுக்கு அனுப்பும் முன், நன்கொடை தந்த மருந்துக்காரரின் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர்கள் ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.