முழங்காலுக்கு ஒரு கால் மணி நேரம்

எழுந்ததும் முட்டி பிடித்துக்கொள்கிறது. நாலு எட்டு வைத்தால் விட்டுவிடுகிறது. தேய்மான மூட்டுவலியில் காலை இறுக்கம் பெரும்பாலும் அரை மணிக்குள் தளர்ந்துவிடும். ஒரு மணி நேரத்துக்கு மேலும் விடாமல், விரல் மூட்டுகளும் வீங்கியிருந்தால் அது முடக்குவாதமாக இருக்கலாம். மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். இந்த வித்தியாசம் தெரிந்த பிறகு விடியற்காலைப் பயம் பாதி குறைந்திருக்கிறது.

✽

புதுச்சேரிக்கு வடக்கே பிள்ளைச்சாவடிக் கரையில் மணல் இருந்த இடத்தில் இப்போது கருங்கல் கிடக்கிறது. இந்தக் கடலோரத்து மணல் ஓரிடத்தில் நிற்கிற மணல் அல்ல. ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருப்பது. 1980களின் கடைசியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர் நீட்டியதும் அந்த வரத்து தடைப்பட்டது. தெற்கே மணல் குவிந்தது; வடக்கே ஊர் ஊராகக் கரை அரித்தது.

முட்டியில் தேய்கிற குருத்தெலும்பும் அப்படித்தான். அதற்கென்று ரத்தக் குழாய் இல்லை. மூட்டுக்குள் இருக்கும் திரவம்தான் ஆகாரம். பாரம் ஏறும்போது திரவம் கசிந்து வெளியேறும், இறங்கும்போது உள்ளே ஊறும். கால் அசைந்தால்தான் இந்தப் போக்குவரத்து. வலிக்குப் பயந்து காலை நீட்டியபடியே கிடந்தால் வரத்து குறைந்துபோகும். கூடவே தொடைத் தசையும் இளைக்கும். தசை தாங்க வேண்டிய பாரம் மூட்டின் மேல் விழும். அதனால் இன்னும் வலி, இன்னும் ஓய்வு.

✽

இந்தச் சுழலை உடைக்க நான் எடுத்துக்கொண்டது தாய் சி. அது சண்டைக்கான கலையாகச் சீனத்தில் வளர்ந்தது. அதில் சுன் லூதாங் வகுத்த பாணியில் உடல் நிமிர்ந்தே இருக்கும். முட்டியை ஆழமாக மடக்க வேண்டியதில்லை. ஒரு கால் முன்னே போனால் மற்றது பின்தொடரும். சிட்னியில் குடும்ப மருத்துவராக இருந்த பால் லாம், சிறு வயதிலேயே மூட்டுத் தேய்மானம் கண்டவர். அந்தப் பாணியை அடிப்படையாக வைத்து 1997இல் மூட்டுவலிக்காரர்களுக்கென்றே ஒரு பயிற்சியை அமைத்தார்.

செய்வது இவ்வளவுதான்: எடையை இடக் காலுக்கு மாற்றுவது. வலக் கால் லேசாவதைக் கவனிப்பது. அதை எடுத்துக் குதிகாலை முதலில் ஊன்றுவது. முட்டி, கால்விரல் நுனியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது. மூச்சைப் பிடிக்காமல் இருப்பது. நடக்கும்போது கண்மூடித் திறப்பதற்குள் முடிகிற காரியம் இது. மெதுவாகச் செய்யும்போதுதான் எந்த இடத்தில் தள்ளாடுகிறேன் என்று தெரிகிறது. இத்தனை வருஷ அவசரம் அந்தத் தள்ளாட்டத்தை மூடி வைத்திருந்தது.

✽

அமெரிக்காவில் டஃப்ட்ஸ் மருத்துவ மையத்தின் சென்சென் வாங் குழுவினர் 2016இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முழங்கால் தேய்மானம் உள்ள 204 பேர். ஒரு சாராருக்கு 12 வாரம் தாய் சி, மற்றவர்களுக்கு பிசியோதெரபி. இரு சாராருக்கும் வலி ஏறத்தாழ ஒரே அளவு குறைந்தது. மனச்சோர்வு தாய் சி செய்தவர்களுக்குக் கூடுதலாகக் குறைந்தது. அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர்களின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல், முழங்கால், இடுப்பு மூட்டுத் தேய்மானத்துக்குத் தாய் சியை அழுத்தமாகப் பரிந்துரைக்கிறது.

தேய்ந்தது வளரும் என்று இவர்கள் யாரும் சொல்லவில்லை. அந்தக் கட்டுப்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது.

✽

மீன் விற்கும் ஆயாவிடம் இந்தப் பயிற்சியைப் பற்றிச் சொன்னேன். “நாளெல்லாம் நடக்குறேன், குந்துறேன், தூக்குறேன். எனக்கு இன்னாத்துக்கு எக்சர்சைஸ்?”

சட்டென்று பதில் வரவில்லை. அவர் கால் என்னுடையதைவிட அதிகம் உழைக்கிறது, ஆனாலும் வலிக்கிறது. பேருந்தைப் பிடிக்க நடை, மீன் ஆய மணிக்கணக்கில் குந்தல், நிறைந்த கூடையோடு எழுந்திருத்தல். அந்த நேரத்தில் கால் கூடைக்குச் சொந்தம். வலித்தாலும் நிறுத்த முடியாது, வேகத்தைக் குறைக்க முடியாது, பக்கம் மாற்ற முடியாது. பயிற்சியில் இந்த மூன்றும் முடியும். காலுக்கு எவ்வளவு இயலும் என்று கேட்டு, அந்த அளவோடு நிற்கலாம். மருந்தின் அளவை மருத்துவர் தீர்மானிப்பதுபோல இதன் அளவைச் செய்கிறவரே தீர்மானிக்கிறார். உழைத்தே பழகிய உடம்புக்கு இந்த உரிமை புதிது.

✽

சில கணக்குகள். செய்து முடித்து இரண்டு மணி நேரத்துக்குப் பிறகும் முன்னைவிட வலி கூடியிருந்தால், அடுத்த முறை குறைக்க வேண்டும். மூட்டு சூடாகச் சிவந்து வீங்கியிருக்கும் நாளில் விட்டுவிட வேண்டும். கடற்கரை அழகாக இருந்தாலும் மணல் புதையும், கரை சரியும். முட்டிக்குச் சமதரைதான் நல்லது. மொட்டை மாடி போதும், பிடித்துக்கொள்ளச் சுவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

பிள்ளைச்சாவடிக்குத் தெற்கே சின்னமுதலியார்சாவடியில், ஆரோவில்லின் குவயட் மையத்தில், வெதுவெதுப்பான நீரில் ஆளை மிதக்கவிட்டு உடலை அசைத்துக் கொடுக்கிறார்கள். நீர் பாரத்தை வாங்கிக்கொள்ளும் என்பதால் மூட்டு பயப்படாமல் அசையும். அந்த வசதி எல்லோருக்கும் கிடைக்காது. நிற்க முடியாதவர்கள் கை இல்லாத ஒரு நாற்காலியில் உட்கார்ந்தே பல அசைவுகளைச் செய்யலாம். ஒரு காலை மெல்ல நீட்டி, கொஞ்சம் நிறுத்தி, இறக்கினால் அதுவே தொடைத் தசைக்கு வேலை.

நாற்காலி என்றதும் ஆயா நிமிர்ந்து பார்த்தார். “உக்காந்துக்கினே பண்றதுன்னா மொதல்லயே சொல்றதுதானே? மீனு தீரட்டும், வரேன்.”