சிவப்பு முனை

பிளக் கேஜ் என்பது துளையின் அளவைச் சரிபார்க்கும், ஒரு சாண் நீள எஃகுத் துண்டு. கைப்பிடியின் ஒரு பக்கம் பச்சைக் குறி, மறுபக்கம் சிவப்புக் குறி. பச்சை முனை துளைக்குள் தடையில்லாமல் இறங்க வேண்டும். சிவப்பு முனை இறங்கவே கூடாது. பச்சை இறங்கவில்லை என்றால் துளை சிறியது. பீஸை மறுபடி மெஷினில் ஏற்றிச் சரிசெய்துவிடலாம். சிவப்பு இறங்கிவிட்டால் துளை பெரிதாகிவிட்டது என்று பொருள். வெட்டிப்போன உலோகத்தை யாராலும் திரும்ப ஒட்டவைக்க முடியாது. அது நேராகக் கழிவுப் பீஸ்கள் போடும் ரெட் பின்னுக்குத்தான்.

பல வருடங்களுக்கு முன், வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நான் ஷிஃப்ட் இன்சார்ஜாக இருந்தேன். ஒரு நைட் ஷிஃப்டில், ஐடிஐ முடித்து வந்து ஆறு மாதமே ஆகியிருந்த ஒரு பையனின் கையில் அந்தச் சிவப்பு முனை இறங்கியது. துளை கடையும் இன்சர்ட் தேய்ந்துபோனதால் அவன் புதிதாக ஒன்றை மாட்டியிருக்கிறான். தேய்மானத்தை ஈடுகட்ட முன்பே போட்டு வைத்திருந்த ஆஃப்செட்டை எடுக்க மறந்துவிட்டான். புது முனை கூடுதலாக வெட்டியது. மயிரிழை அளவுதான், ஆனால் பேரிங் உட்காரும் துளைக்கு மயிரிழை என்பது மலை.

அவன் கேஜைத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தானாம். மறுபடி இறங்கியது. துளையைக் காற்றடித்துச் சுத்தம் செய்துவிட்டு மூன்றாம் முறையும் பார்த்தானாம். அப்போது மணி இரண்டரை. ஆஃப்செட்டைச் சரிசெய்துவிட்டு வேலையைத் தொடர்ந்திருக்கிறான். அதற்கு முன்பு ஓடிய பீஸ்கள் டிராலியில் ஏறி அடுத்த பகுதிக்குப் போய்விட்டன. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

ஐந்து மணிக்கு அசெம்பிளியிலிருந்து ஆள் ஓடி வந்தார். பிரஸ் வைத்து அழுத்தி ஏற்ற வேண்டிய பேரிங், கையை விட்டதும் பொத்தென்று உள்ளே விழுகிறது என்றார். இரண்டரைக்குச் சொல்லியிருந்தால் ஒரு டிராலியை நிறுத்தியதோடு முடிந்திருக்கும். ஐந்து மணிக்கு மூன்று டிராலிகளைக் கொட்டி, ஒவ்வொரு பீஸாகக் கேஜ் போட்டுப் பிரிக்க வேண்டியிருந்தது. பேரிங் ஏறியவற்றைக் கழற்ற வேண்டியிருந்தது.

"ஏம்ப்பா, தெரிஞ்ச உடனே ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "நேத்து அந்த அண்ணனை நீங்க பேசினதைப் பார்த்தேன் சார். அதான்..."

முந்தின நாள் நான் என்ன பேசினேன் என்பதை நினைவுபடுத்திக்கொள்ளவே எனக்குச் சற்று நேரம் பிடித்தது. பக்கத்து மெஷினில் இருந்த சீனியர் ஆபரேட்டர் ஒருவர், டூல் உடைந்துவிட்டது என்று தானாகவே வந்து சொன்னார். டார்கெட் பின்தங்கியிருந்த எரிச்சலில், எல்லார் முன்னாலும் நாலு வார்த்தை கடுமையாகப் பேசிவிட்டேன். எனக்கு அது அத்தோடு முடிந்த விஷயம். இரண்டு மெஷின் தள்ளி நின்ற அந்தப் பையனுக்கோ அது ஒரு பாடம். உண்மையைச் சொன்னவருக்கு என்ன கிடைத்தது என்று அவன் கண்ணால் பார்த்தான். பார்த்ததைக் கற்றுக்கொண்டான்.

அதற்கு முன்பே என் டீமிடம் நான் என்ன எதிர்பார்க்கிறேன் என்று ஷிஃப்ட் தொடக்கத்தில் பல முறை சொல்லியிருக்கிறேன். தப்பு நடந்தா மறைக்காதீங்க, உடனே வந்து சொல்லுங்க. மனதாரத்தான் சொன்னேன். ஆனால் நான் வாயால் சொன்னதை அவர்கள் கேட்டார்கள். என் முகம் சொன்னதை நம்பினார்கள். ஒரு குழு தன் தலைவரின் எதிர்பார்ப்பை எங்கிருந்து தெரிந்துகொள்கிறது என்பது எனக்கு அந்த விடியற்காலையில்தான் புரிந்தது. கெட்ட சேதியோடு வந்தவர் திரும்பிப் போகும்போது அவர் முகம் எப்படி இருக்கிறது என்பதைச் சுற்றியிருக்கிற அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

கோளாறு தெரிந்ததும் நிற்க வேண்டும் என்ற எண்ணம் பழையது. டொயோட்டா கார்களுக்கு முன்பே, அந்த நிறுவனத்தைத் தொடங்கிய டொயோடா குடும்பம் தறிகள் செய்துவந்தது. அந்தக் குடும்பத்தின் மூத்தவரான சாகிச்சி டொயோடா 1924-இல் உருவாக்கிய தானியங்கித் தறியின் சிறப்பு அதன் வேகம் மட்டுமல்ல. பாவு நூலோ ஊடை நூலோ அறுந்தால், அது தானாகவே நின்றுவிடும். கைத்தறி நெசவாளிக்கு இது புதிதாகத் தோன்றாது. இழை அறுந்தால் கை தானே நிற்கும், முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் நாடா ஓடும். சாதாரண விசைத்தறிக்கு அந்த அறிவு கிடையாது. இழை அறுந்தபின்னும் அது பாட்டுக்கு ஓட்டைத் துணியை நெய்துகொண்டே போகும். நெசவாளியின் கைக்கு இருந்த அந்த அறிவைத்தான் சாகிச்சி இயந்திரத்துக்குக் கொடுத்தார் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

பிறகு அதே எண்ணம் கார் தொழிற்சாலைக்கு வந்தபோது, அசெம்பிளி லைன் நெடுகத் தலைக்கு மேலே ஒரு கயிறு கட்டினார்கள். கோளாறைப் பார்க்கிற யார் வேண்டுமானாலும் அதை இழுக்கலாம். இழுத்ததும் மேலே ஒரு விளக்கு எரியும். அந்தப் பலகைக்கு ஆண்டான் என்று பெயர்; ஜப்பானியத்தில் அது காகித விளக்கைக் குறிக்கும் பழைய சொல். விளக்கைப் பார்த்ததும் டீம் லீடர் அந்த இடத்துக்கு வருவார். கார் அடுத்த எல்லைக்கோட்டைத் தாண்டுவதற்குள் சரிசெய்ய முடிந்தால் லைன் நிற்காது. முடியாவிட்டால் நின்றுவிடும்.

கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஒரு தொழிற்சாலையை நடத்தி, 1982-இல் மூடியது. வேலைக்கு வராமை, ஓயாத சச்சரவு, மோசமான தரம் என்று அது எடுத்த பெயர் அப்படி. என்ன ஆனாலும் லைனை நிறுத்தக்கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். 1984-இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து அதே இடத்தைத் திறந்தன. வேலைக்கு எடுத்ததில் பெரும்பாலோர் அதே பழைய தொழிலாளர்கள். இந்த முறை கயிறு அவர்கள் கைக்கு எட்டும் தூரத்தில் தொங்கியது. கொஞ்ச காலத்திலேயே அங்கே உருவான கார்கள் ஜப்பானில் செய்தவற்றோடு தரத்தில் போட்டி போட்டன. ஆட்கள் சரியில்லை என்று யாராவது அலுத்துக்கொள்ளும்போதெல்லாம் எனக்கு ஃப்ரீமான்ட் நினைவுக்கு வரும்.

கயிறு கட்டுவது சுலபம். எங்கள் லைனிலும் பிறகு சிவப்புப் பொத்தான்கள் வந்தன. சில மாதம் யாரும் தொடவில்லை. பொத்தானை அழுத்தினால் ஓடி வருகிறவர் என்ன கேட்கப்போகிறார் என்பது தெரியும்வரை விரல் போகாது. "யார் செஞ்சது?" என்பது முதல் கேள்வியாக இருந்தால் அந்தப் பொத்தான் வெறும் அலங்காரம். நான் முதல் கேள்வியை மாற்றிக்கொள்ளப் பழகினேன். யாருக்காவது அடிபட்டதா? எத்தனை பீஸ் போயிருக்கும்? எங்கே போயிருக்கும்? இவற்றுக்குப் பதில் கிடைப்பதற்குள் என் கோபம் பாதி இறங்கியிருக்கும். யாரையும் கேபினுக்குக் கூப்பிடாமல் மெஷினுக்கே நடந்து போகவும் பழகினேன். மெஷின் பக்கத்தில் நின்றால் பேச்சு பீஸைப் பற்றி இருக்கும். கேபினில் உட்கார்ந்தால் அது ஆளைப் பற்றியதாகிவிடுகிறது.

2006-இல் ஆலன் முலாலி போயிங்கிலிருந்து ஃபோர்டு நிறுவனத்தின் தலைமைக்கு வந்தபோது, வாராவாரம் வியாழக்கிழமை எல்லா உயரதிகாரிகளையும் உட்காரவைத்து வேலை நிலவரம் கேட்டார். சரியாகப் போனால் பச்சை, சந்தேகம் என்றால் மஞ்சள், சிக்கல் என்றால் சிவப்பு என்று அவரவர் அறிக்கையில் நிறம் காட்ட வேண்டும். எல்லாரும் பச்சை காட்டினார்கள். அந்த வருடம் நிறுவனம் இழந்த தொகை 1,200 கோடி டாலருக்கு மேல்! கடைசியில் மார்க் ஃபீல்ட்ஸ் என்ற அதிகாரி, புதிதாக வரவிருந்த ஒரு வண்டியின் பின்கதவுக் கோளாறுக்குச் சிவப்பு காட்டினார். இவர் வேலை போயிற்று என்றுதான் அறையில் இருந்தவர்கள் நினைத்தார்கள். முலாலி கை தட்டினார். யார் உதவ முடியும் என்று கேட்டார். அடுத்தடுத்த வாரங்களில் மற்றவர்களின் அறிக்கையிலும் மஞ்சளும் சிவப்பும் எட்டிப்பார்க்கத் தொடங்கின.

கை தட்டிவிட்டால் கண்டிப்பு போய்விடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. டூல் மாற்றியதும் முதல் பீஸை அளந்து அப்ரூவல் வாங்காமல் மெஷினை ஓட்டக்கூடாது என்பதில் இன்றுவரை நான் ஒரு சுற்றும் விட்டுக்கொடுத்ததில்லை. அன்று அந்தப் பையன் அதையும் தவறவிட்டான். அதைப் பற்றி அவனிடம் நேராகவே பேசினேன். வேலையின் ஒழுங்கில் கறாராக இருக்கலாம், இருக்கத்தான் வேண்டும். உண்மையைச் சொன்னதற்காக ஒருவரும் அடிபடக்கூடாது. இரண்டையும் ஒரே ஆள் செய்ய முடியும். கண்டிப்பான எத்தனையோ அம்மாக்கள் வீட்டில் இதைத்தான் செய்கிறார்கள். மார்க் குறைந்தால் திட்டுவார்கள், ஆனால் பிள்ளை மார்க் ஷீட்டை மறைக்க வேண்டிய நிலை அந்த வீட்டில் இருக்காது.

தெரிந்து வினையாடல் அதிகாரத்துக் குறளைச் சொல்லாத மேலாளர் பயிற்சி வகுப்பு நம்மிடம் கிடையாது. யாரிடம் எந்த வேலையை விட வேண்டும் என்பது அதில் இருக்கிறது. மேலாளருக்குப் பிடித்த பாடம். பெரியாரைத் துணைக்கோடல் அதிகாரத்தை யாரும் எடுப்பதில்லை. இடித்துச் சொல்ல ஆளில்லாத அரசனைக் கெடுக்கப் பகைவர் வேண்டாம், அவனே கெட்டுப்போவான் என்ற கருத்து அதில்தான் வருகிறது. 1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்ணோடம் ஏவப்படுவதற்கு முந்தின இரவு, குளிரில் ராக்கெட்டின் ரப்பர் வளையங்கள் சரியாக அடைக்காது, ஏவ வேண்டாம் என்று அந்த ராக்கெட்டைச் செய்த நிறுவனத்தின் பொறியாளர்கள் மன்றாடினார்கள். இடித்துச் சொல்லும் ஆட்கள் இருந்தார்கள். கேட்கிற காது இல்லை. மறுநாள் ஏழு பேர் இறந்தார்கள்.

இதுவரை எழுதியதில் ஒன்றை நான் சொல்லாமல் விட்டிருக்கிறேன்.

அந்த நைட் ஷிஃப்ட் முடிந்த காலையில் எட்டரைக்கு புரொடக்ஷன் மீட்டிங். ரிஜெக்ஷன் அறிக்கையில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. மேஜைக்கு அந்தப் பக்கம் என் மேலதிகாரி உட்கார்ந்திருந்தார். அவர் முகம் எனக்குப் பழக்கமான முகம். நான் அந்தக் கட்டத்தில் 'ஆபரேட்டர் கவனக்குறைவு' என்று எழுதினேன். இரண்டரைக்குத் தெரிந்த விஷயம் என்னிடம் வராமல் போனதற்கு முந்தின நாள் நான் கத்தியதுதான் காரணம் என்று எழுதவில்லை. டூல் மாற்றிய பின் யார் சரிபார்க்க வேண்டும் என்பதை நைட் ஷிஃப்டுக்கு நான் முறையாக வகுத்து வைக்கவில்லை என்றும் எழுதவில்லை. பையன் என்னிடம் எதைச் செய்தானோ அதையே ஆறு மணி நேரம் கழித்து நான் என் மேலதிகாரியிடம் செய்தேன். அவனுக்கு வயது இருபது. எனக்கு அப்போது அனுபவமே பதினான்கு வருடம்.

நான் செய்யாததை ஒருவர் செய்த கதை உண்டு. அந்த ஸ்ரீஹரிகோட்டா கதை தமிழ்நாட்டில் எல்லாருக்கும் தெரியும். 1979 ஆகஸ்ட் 10-இல் எஸ்.எல்.வி-3 ராக்கெட் கடலில் விழுந்தது. ஏவுவதற்குச் சற்று முன் கணினி நிறுத்தச் சொல்லியும், நிபுணர்களைக் கலந்துகொண்டு ஏவச் சொன்னது தான்தான் என்று திட்ட இயக்குநர் கலாமே பின்னாளில் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். அன்று பத்திரிகையாளர்கள் முன் போய் உட்கார்ந்து தோல்வியைத் தன் தோளில் ஏற்றுக்கொண்டவர் இஸ்ரோவின் தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18-இல் ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதையில் ஏறியபோது, கலாமைப் பேசச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். இந்தக் கதையைத் தவானின் பெருந்தன்மைக்கு உதாரணமாகச் சொல்வது வழக்கம். நான் இதில் இன்னொன்றைப் பார்க்கிறேன். நாடாளுமன்றம், பத்திரிகைகள், அரசு என்று மேலேயிருந்து வந்த அத்தனை அழுத்தமும் தவான் நின்ற படியில் நின்றுவிட்டது. அதற்குக் கீழே இறங்கவில்லை. அதனால்தான் கீழே இருந்தவர்களால் எது தவறிற்று என்று ஒளிவுமறைவில்லாமல் தேட முடிந்தது. ஒரு வருடம் ஆவதற்குள் மறுபடி ஏவ முடிந்தது.

பயம் மாடிப்படியில் கொட்டிய தண்ணீர் மாதிரி ஒவ்வொரு படியாக இறங்கி வரும். என் மேலதிகாரிக்கு அவருக்கு மேலே உள்ளவரிடம் பயம், எனக்கு அவரிடம் பயம், பையனுக்கு என்னிடம் பயம். கடைசிப் படியில் நிற்பவர் நனைந்துபோகிறார். அவர் கையில்தான் கேஜ் இருக்கிறது. சிவப்பு முனை இறங்குவதை முதலில் பார்ப்பதும் அவர்தான். நடுவில் யாராவது ஒருவர், எனக்கு மேலிருந்து வருவது என்னோடு நிற்கட்டும் என்று தன் படியில் அணை கட்டினால்தான் அவர் வாய் திறப்பார். என் டீமிடம் நான் எதிர்பார்ப்பதையெல்லாம், அதே வரிசையில், முதலில் நான் எனக்கு மேலே உள்ளவரிடம் செய்து காட்டியிருக்க வேண்டும். அதைச் செய்யாத தலைமை தலைமையே இல்லை என்றே இப்போது நினைக்கிறேன்.

அந்தப் பையன் அடுத்த வருடமே வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். போகிற அன்று, "வரேன் சார்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனான். அந்த அறிக்கையில் நான் எழுதியதை அவன் பார்த்தானா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

பத்துப் பேருக்கோ நூறு பேருக்கோ பொறுப்பாக இருக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை 'காரணம்' என்ற கட்டம் உங்கள் முன்னால் வரும்போது, பேனாவை எடுக்கும் முன் அந்த மெஷின்வரைக்கும் ஒருமுறை நடந்து போய்விட்டு வாருங்கள்.